சனிக்கிழமை தண்ணி இறக்கணும்

போன வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி எங்க ஜீப்பைப் பார்க்க வந்தார். முப்பது வயசு இருக்கும். கம்ப்யூட்டர் வேலை. பட்டிவீரன்பட்டி, சித்தரேவு, பெரும்பாறைன்னு மலை ஏறி, தாண்டிக்குடி தாண்டி எங்க தோட்டம் வரைக்கும் வந்து சேர அவருக்கு மத்தியானம் ஆயிடுச்சு. வந்ததும் காபி கூடக் குடிக்கலை. வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தார். அப்புறம் கேட்டார்: "அங்கிள், இதோட ஸ்பெக் என்ன?"

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவன். ஸ்பெக்னா என்னன்னு தெரியாம முழிச்சேன். என் வீட்டுக்காரம்மா உள்ளே இருந்து சிரிச்சாங்க. "அதான் தம்பி, உங்க அங்கிளுக்கு என் பிறந்தநாள் தெரியாது, அந்த வண்டியோட நட்டு நம்பர் எல்லாம் தெரியும், கேளுங்க"ன்னாங்க.

அவர்கிட்ட சொன்னதையும், சொல்லாம விட்டதையும் இங்கே எழுதுறேன். டவுன்ல இருந்து இதைப் படிக்கிற நிறையப் பேருக்குப் பழைய ஜீப் மேல ஒரு ஆசை இருக்குன்னு எனக்குத் தெரியும்.

எங்க வண்டி மஹிந்திரா எம்.எம். 540. 1989 மாடல். 1999-ல ஒரு எஸ்டேட்காரர்கிட்ட இருந்து வாங்கினேன். மிளகு நல்லா விலை போன வருஷம். எனக்கு இருக்கிறது நாலு ஏக்கர். காப்பி, சில்வர் ஓக் மரத்துல ஏத்திவிட்ட மிளகு, ஊடால மலைவாழை. அப்போ தார் ரோட்டுல இருந்து தோட்டத்துக்கு மூணு கிலோமீட்டர் மண் பாதை. குதிரையிலயும் தலைச்சுமையிலயும்தான் எல்லாம் போகும் வரும். மலைவாழைத் தாரைத் தலையில வச்சு மூணு கிலோமீட்டர் நடந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், ஜீப்னா என்னன்னு.

மஹிந்திரா 1947-ல இருந்தே அமெரிக்காவோட வில்லிஸ் ஜீப்பை நம்ம நாட்டுல பூட்டி வித்த கம்பெனி. சண்டைக்குப் பண்ணின வண்டியோட வம்சம்தான் இது. எம்.எம். 540-ல போட்டிருக்கிறது பிரான்ஸ் நாட்டு பெஜோ கம்பெனியோட டீசல் இன்ஜின். எக்ஸ்.டி.பி. 4.90-னு பேரு. நாலு சிலிண்டர், ஒவ்வொண்ணும் 90 மில்லிமீட்டர் அகலம், அதான் அந்த 4.90. மொத்தம் 2112 சி.சி. 62 குதிரைசக்தி. முன்னால போக நாலு கியர். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 91 அங்குலம். நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங். நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக். டயர் 6.00-16. பவர் ஸ்டீயரிங் கிடையாது, ஏ.சி. கிடையாது. கம்ப்யூட்டர் ஒண்ணும் கிடையாது. இன்ஜின் ஓட ஆரம்பிச்சிட்டா அதுக்கு டீசலும் காத்தும் இருந்தா போதும்.

62 குதிரைதானான்னு தம்பி கேட்டார். இன்னிக்கு ஒரு சின்ன காருக்கே அதைவிட அதிகம் இருக்குதாம். இருக்கட்டும். மலையில வேகம் வேண்டாம், இழுவைதான் வேணும். அந்த இழுவை எங்க இருந்து வருதுன்னா, பெரிய கியர் கம்பி பக்கத்துல இருக்கிற ரெண்டு சின்னக் கம்பியில இருந்து.

ஒரு கம்பி முன் சக்கரத்தைச் சேர்க்கிறதுக்கு. சாதாரணமா வண்டி பின் சக்கரத்துல ஓடும். கம்பியைத் தள்ளினா இன்ஜினோட பலம் முன்னாலயும் போகும். இன்னொரு கம்பி 'லோ'வுக்கு. அதைப் போட்டா சக்கரம் சுத்துற வேகம் குறையும், இழுவை கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு ஆகும். லோ-வில முதல் கியர் போட்டா, மனுஷன் நடக்கிற வேகத்துல, ஆக்ஸிலேட்டரைத் தொடாம செங்குத்தா ஏறும். இறங்கும்போதும் அப்படித்தான். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கக் கூடாது, டிரம் சூடேறினா பிரேக் பிடிக்காது. லோ-வில போட்டுட்டா இன்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும்.

இதுல பழகாதவங்க செய்ற தப்பு ரெண்டு. ஒண்ணு, சகதியில மாட்டி சக்கரம் சுத்த ஆரம்பிச்ச பிறகு முன் சக்கரத்தைச் சேர்க்கிறது. சகதியைப் பார்த்ததுமே, இறங்குறதுக்கு முன்னாலயே சேர்த்துடணும். லோ போடுறதா இருந்தா வண்டியை நிறுத்தி, கிளட்சை முழுசா மிதிச்சுத்தான் போடணும். ரெண்டாவது தப்பு, தார் ரோட்டுல வந்த பிறகும் நாலு சக்கரத்துலயே ஓட்டுறது. வளைவுல முன் சக்கரம் ஒரு தூரம் போகும், பின் சக்கரம் ஒரு தூரம் போகும். மண்ணுல அது வழுக்கிச் சரியாயிடும். தார்ல வழுக்க முடியாம உள்ளே முறுக்கிக்கும். அப்புறம் கம்பியைப் பிடிச்சு இழுத்தா வராது. நிறையப் பேர் கியர்பாக்ஸ் போச்சுன்னு பயந்துடுவாங்க. ஒண்ணும் போகலை. ஸ்டீயரிங்கை நேராக்கி, பத்தடி ரிவர்ஸ்ல போங்க. முறுக்கு விட்டுடும், கம்பி தானா வரும்.

அடுத்து தம்பி கேட்டது, "என்னென்ன ரிப்பேர் வரும் அங்கிள்?" முப்பது வருஷத்துக்கு மேல ஆன வண்டிக்கு ரிப்பேர் வராதுன்னு சொன்னா அது பொய். ஆனா பெரும்பாலானது நம்ம கையாலயே பார்க்கிற மாதிரிதான் இருக்கும்.

காலைக் குளிர்ல ஸ்டார்ட் ஆகலைன்னா முதல்ல ஹீட்டர் பிளக்கைப் பார்க்கணும். இந்த டீசல் இன்ஜின்ல சிலிண்டருக்கு ஒண்ணு இருக்கு. சாவியைப் போட்டு அது சூடேற விட்டுட்டுத்தான் செல்ஃப் அடிக்கணும். நாலுல ரெண்டு போயிட்டாலும் மத்தியானம் ஸ்டார்ட் ஆகும், மார்கழிக் காலையில ஆகாது. பிளக்கோட ஒயரைக் கழட்டிட்டு, ஒரு பல்பு ஒயரோட ஒரு முனையை பேட்டரி பிளஸ்லயும் இன்னொரு முனையை பிளக் தலையிலயும் வச்சா பல்பு எரியணும். எரியலைன்னா அந்த பிளக் போச்சு. அதை மட்டும் மாத்தினா போதும்.

செல்ஃப் 'டக் டக்'னு மட்டும் சத்தம் போட்டா பேட்டரியைக் குறை சொல்றதுக்கு முன்னால டெர்மினலைப் பாருங்க. வெள்ளையும் பச்சையுமா பூத்திருக்கும். வெந்நீர் ஊத்திக் கழுவி, துடைச்சு, இறுக்கி, மேல கிரீஸ் தடவுங்க. எரநூறு தடவை எனக்கு வந்த ரிப்பேர்ல நூறு தடவை இதுதான்.

புகையைப் பார்த்தே நோயைச் சொல்லலாம். கறுப்பா வந்தா காத்துப் பத்தலை, ஏர் கிளீனரைக் கழுவணும். நீலமா வந்தா ஆயில் எரியுது, இது செலவு வைக்கும். காலையில கொஞ்சம் வெள்ளையா வந்து நின்னுட்டா பயமில்லை. நிக்காம வந்தா டீசல்ல தண்ணி இருக்குதான்னு பார்க்கணும்.

சூடு ஏறினா ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது. நிறுத்தி, ஆற விட்டு, துணி போட்டுத்தான் திறக்கணும். ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால அமுக்கிப் பாருங்க, அரை அங்குலம் போகலாம், அதுக்கு மேல தொங்கக் கூடாது. எங்க பக்கம் புல் விதையும் சேறும் ரேடியேட்டர் கண்ணுல அடைச்சுக்கும். இன்ஜின் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா தண்ணி அடிச்சா வந்துடும். ஓடையில இறங்கி ஏறினா பிரேக்கை லேசா மிதிச்சு மிதிச்சுக் காய வைக்கணும், நனைஞ்ச டிரம் பிடிக்காது. ஸ்டீயரிங் நடுங்கினா ஒருத்தரை உட்கார வச்சு இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லி, நீங்க கீழே குனிஞ்சு பாருங்க. டை ராட் முனையோ கிங்பின் பேரிங்கோ எது ஆடுதுன்னு கண்ணுக்கே தெரியும்.

இவ்வளவையும் அந்தத் தம்பி போன்ல எழுதிக்கிட்டே வந்தார். அப்புறம் பானெட்டைத் திறந்து காட்டச் சொன்னார். டீசல் ஃபில்டரைக் காட்டும்போது, "இதுல வாராவாரம் தண்ணி இறக்கணும் தம்பி"ன்னேன். "வாராவாரமா? மேனுவல்ல அப்படியா போட்டிருக்கு?"ன்னு கேட்டார். மேனுவல்ல எப்படிப் போட்டிருக்கோ, எங்க வீட்டுல அப்படித்தான்னு மட்டும் சொன்னேன். காரணத்தை அன்னிக்குச் சொல்லலை.

2017 நவம்பர். விடாத மழை. காப்பிப் பழம் பறிப்பு ஆரம்பிச்ச நேரம். ராத்திரி ஒன்பதரைக்கு எங்க அம்மா சாப்பிட்டுட்டு எந்திரிக்கும்போது தட்டைக் கீழே போட்டுட்டாங்க. எடுக்கப் போனாங்க, கை வரலை. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. பேசினது குழறிச்சு. பக்கவாதம்னு எனக்குப் புரிஞ்சது. அந்த மழையில எங்க மண் பாதையில ஆம்புலன்ஸ் ஏறாது. பத்து மணிக்கு அம்மாவைத் தூக்கிப் பின் சீட்டுல படுக்க வச்சு, என் வீட்டுக்காரம்மா தலையை மடியில வச்சுக்கிட்டாங்க. மச்சான் மகன் முன்னால ஏறினான். முன் சக்கரத்தைச் சேர்த்து, லோ போட்டு இறங்கினேன். பாதையெல்லாம் ஓடையா ஓடிச்சு. வண்டி அசையாம இறங்கிச்சு. அன்னிக்கு அந்த ஜீப்பை நெனைச்சு எனக்குப் பெருமையாக் கூட இருந்துச்சு.

பத்தரை மணிக்கு, தார் ரோட்டைத் தொடுறதுக்குக் கொஞ்சம் முன்னால, இன்ஜின் விக்கிச்சு. ரெண்டு தடவை குலுக்கிட்டு நின்னுடுச்சு.

செல்ஃப் அடிச்சேன், அடிச்சேன், பிடிக்கலை. பானெட்டைத் திறந்து ஃபில்டருக்குக் கீழே இருக்கிற திருகைத் தளர்த்தினேன். டீசல் வரலை, தண்ணி வந்துச்சு. நான் அப்போ பறிப்புக்காக டீசலை கேன்ல வாங்கி வந்து, கொட்டகையில திறந்த பேரல்ல ஊத்தி வச்சிருந்தேன். கூரை ஒழுகுறது தெரியும். டேங்கைப் பாதியிலயே விட்டா மலைக் குளிர்ல உள்ளே வேர்த்துத் தண்ணி சேரும், அதுவும் தெரியும். ஃபில்டர்ல தண்ணி இறக்கணும்னு மெக்கானிக் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தார். நான் ஆறு மாசமா அதைத் தொடலை. வண்டி மேல ஒரு தப்பும் இல்லை.

தண்ணியை இறக்கினா உள்ளே காத்துப் புகுந்துடும். காத்து இருந்தா டீசல் பம்புக்குப் போகாது. ஃபில்டர் மேல இருக்கிற திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடிக்கணும். முதல்ல நுரை வரும், குமிழி குமிழியா வரும். குமிழி நின்னு சுத்த டீசல் வந்ததும் இறுக்கணும். அதோட விடலைன்னா, இன்ஜெக்டருக்குப் போற பைப் நட்டுகளைத் தளர்த்தி, செல்ஃப் அடிச்சு, அங்கேயும் டீசல் துப்பினதும் இறுக்கணும். பகல்ல, சாமானோட இருந்தா கால் மணி நேர வேலை. எனக்கு டார்ச்சுல பேட்டரி மங்கல். பைப் நட்டுக்குச் சேர்ற ஸ்பேனர் வண்டியில இல்லை. முந்தின வாரம் தண்ணி மோட்டாருக்கு எடுத்தது கொட்டகையிலயே கிடந்துச்சு. பையன் மழையில ஓடினான். பக்கத்து எஸ்டேட் வாட்சர் வீட்டைத் தட்டி எழுப்பி, ஸ்பேனர் வாங்கிட்டு வர முக்கால் மணி நேரம். அதுக்குள்ளே செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரியும் இறங்கிடுச்சு. கடைசியில காத்தெல்லாம் எடுத்துட்டு, சரிவுல வண்டியை உருட்டி, ரெண்டாவது கியர் போட்டு கிளட்சை விட்டேன். பிடிச்சிக்கிச்சு. மணி பதினொண்ணு நாப்பது.

ஒரு மணி பத்து நிமிஷம். அந்த நேரம் பூரா அம்மா ஒண்ணும் பேசலை. இடது கையால என் வீட்டுக்காரம்மாவோட கையைப் பிடிச்சுக்கிட்டே படுத்திருந்தாங்க.

கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது ரெண்டரை. டாக்டர் நல்ல மனுஷன். எப்போ ஆரம்பிச்சதுன்னு கேட்டார், ஒன்பதரைன்னேன். மணியைப் பார்த்தார். ரத்தக் கட்டைக் கரைக்க ஒரு ஊசி இருக்குது, நாலரை மணி நேரத்துக்குள்ளே வந்தா ஸ்கேன் எடுத்துப் பார்த்துப் போடலாம், இப்போ அந்த நேரம் தாண்டிடுச்சுன்னார். அந்த ஊசி போட்டிருந்தா சரியாகியிருக்குமான்னு கேட்டேன். எல்லாருக்கும் ஆகாது, சிலருக்கு ஆகும், உறுதியாச் சொல்ல முடியாதுன்னார். நான் மனசுக்குள்ளே கணக்குப் போட்டேன். வண்டி நிக்காம இருந்திருந்தா ஒண்ணு இருபதுக்கு வந்திருப்பேன்.

அம்மா பிழைச்சாங்க. பேச்சு திரும்பிடுச்சு. நடக்கக் கூட ஆரம்பிச்சாங்க. வலது கை மட்டும் வரலை. எங்க ஊர்லயே வேகமா காப்பிப் பழம் பறிக்கிற கை அது. ஒரு நாளைக்கு மத்தவங்க ஒரு கூடை நிரப்புறதுக்குள்ளே அவங்க ஒண்ணரைக் கூடை நிரப்புவாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு பறிப்புக்கும் களத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இடது கையால காய்ப் பழம் பொறுக்கிப் போட்டாங்க.

அந்த ராத்திரியைப் பத்தி என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசினதில்லை. ஆனா அவங்க வீட்டுக்கு வந்த அடுத்த சனிக்கிழமை நான் பானெட்டைத் திறந்து தண்ணி இறக்கினேன். திண்ணையில இருந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அதுக்கப்புறம் சனிக்கிழமையானா காலையில கேட்டுடுவாங்க: "ஏப்பா, தண்ணிய எறக்கிட்டியா?" ஏழு வருஷம். ஒரு சனிக்கிழமை விடலை. அவங்க கேட்டதும் விடலை, நான் இறக்கினதும் விடலை. போன தை மாசம் அவங்க தவறிட்டாங்க.

இப்போ ஜீப்பை விக்கணும்னு ஏன் தோணுச்சுன்னு கேப்பீங்க. எங்க மண் பாதைக்கு ரெண்டு வருஷம் முன்னால சிமெண்ட் போட்டாச்சு. பிக்கப் வண்டி களம் வரைக்கும் வருது. எனக்கு இடது முட்டி தேய்ஞ்சு போச்சு, அந்தக் கிளட்சை மிதிச்சா ராத்திரி தூங்க முடியலை. 2019-ல ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாய் கட்டினேன், 2024-ல அதே வேலைக்கு 5,000 கட்டினேன், பசுமை வரி தனி. மகன் திருப்பூர்ல இருக்கான், அவனுக்கு இதை ஓட்டப் பிடிக்காது. எல்லாக் கணக்கும் வித்துடுன்னுதான் சொல்லுது. சனிக்கிழமை காலையில கேக்கவும் இப்போ ஆள் இல்லை.

தம்பி அன்னிக்கே அட்வான்ஸ் கொடுக்க ரெடியா இருந்தார். பெரிய டயர் போடணும், வேற கலர் அடிக்கணும்னு எல்லாம் சொன்னார். எனக்கு அதுல வருத்தம் இல்லை, அவர் வண்டி அவர் இஷ்டம். "காசு இருக்கட்டும் தம்பி, வர்ற சனிக்கிழமை காலையில வாங்க. ஒரு வேலை இருக்கு, அதைச் செஞ்சு பாருங்க, அப்புறம் பேசுவோம்"னேன். வர மாட்டார்னுதான் நெனைச்சேன்.

நேத்து காலையில எட்டு மணிக்கெல்லாம் வந்துட்டார். வெள்ளைச் சட்டையோட. பானெட்டைத் திறந்து கொடுத்தேன். நான் சொல்லச் சொல்ல அவரே செஞ்சார். கீழே ஒரு கண்ணாடி டம்ளரை வச்சு, திருகைத் தளர்த்தி, வந்ததைப் பிடிச்சு, நுரை நிக்கிற வரைக்கும் கைப்பம்பை அடிச்சு, இறுக்கினார். சட்டையெல்லாம் டீசல். டம்ளரை வெயில்ல தூக்கிக் காட்டினேன். மேல டீசல், அடியில தனியா ரெண்டு ஸ்பூன் தண்ணி. இந்த மழைக்கு ஒரே வாரத்துல சேர்ந்தது.

"இவ்வளவு தண்ணி போதுமா அங்கிள், ஒரு வண்டி நிக்கிறதுக்கு?"ன்னு கேட்டார்.

"போதும் தம்பி"ன்னேன். அப்புறம் திண்ணையில உட்கார வச்சு, மேல எழுதினதை எல்லாம் சொன்னேன். முழுசும் கேட்டுட்டு அவர் விலை பேசலை. போன்ல சனிக்கிழமைக்கு அலாரம் வச்சதை மட்டும் காட்டினார்.

வண்டி அடுத்த மாசம் போகுது. கூடவே டூல் பாக்ஸும் போகுது: ஸ்பேனர் செட்டு, ஒரு ஃபேன் பெல்ட்டு, ஒரு டீசல் ஃபில்டர், ஃபியூஸ், டெஸ்ட் பல்பு, இன்சுலேஷன் டேப், நல்ல டார்ச் ஒண்ணு. அதுல இருந்து எதையும் வேற வேலைக்கு எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.

உங்ககிட்ட ஜீப் இல்லாம இருக்கலாம். டீசல் கார் வச்சிருந்தீங்கன்னா அதுலயும் ஃபில்டர்ல தண்ணி சேரும், புது வண்டியில அதுக்கு ஒரு சின்ன விளக்கு எரியும். எரிஞ்சா நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விடாதீங்க. வீட்டுல வயசானவங்க இருந்து, வாய் கோணினாலோ, கை தூக்க வரலைன்னாலோ, பேச்சு குழறினாலோ உடனே மணியைப் பார்த்துக் குறிச்சுக்கோங்க. டாக்டர் முதல்ல கேக்கிறது அந்த நேரத்தைத்தான்.